போர் விமான எஞ்சினின் உந்துவிசையைக் கூட்டுவது எப்படி: முதலில் காற்று, அப்புறம் சூடு, கடைசியில் ஆஃப்டர்பர்னர்

உந்துவிசையைக் கூட்ட வேண்டும் என்று யார் ஆரம்பித்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எங்கே கூட்ட வேண்டும்? முழுப் பாரத்தோடு ஓடுபாதையை விட்டு எழும்பும்போது போதவில்லையா, ஒலி வேகத்தைத் தாண்டுகிற இடத்தில் விமானம் முக்குகிறதா, இல்லை 11 கிலோமீட்டர் உயரத்தில் ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் பின்பகுதியில் மறுபடி எரிபொருளைத் தெளித்து எரிக்கும் பகுதி) போடாமல் மாக் 1.6-இல், அதாவது ஒலியைப் போல் 1.6 மடங்கு வேகத்தில், தொடர்ந்து ஓட வேண்டுமா? மூன்றும் மூன்று வேறு வேலைகள். ஒன்றுக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுத்துவிடும். ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் உயரம், மாக் எண், வெளி வெப்பநிலை மூன்றையும் எழுதி, அந்த நிலையில் இத்தனை கிலோ நியூட்டன் கூடுதலாக வேண்டும் என்று குறித்து வையுங்கள். வேலை முடியும்வரை அந்தத் தாள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உந்துவிசையின் கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. ஒரு வினாடியில் எஞ்சினுக்குள் போகிற காற்றின் நிறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வெளியேறும் வேகத்திலிருந்து விமானத்தின் வேகத்தைக் கழித்து, வருவதை அந்த நிறையோடு பெருக்குங்கள். நாசில் வாயில், அதாவது வாயு வெளியேறும் பின்புறக் குழாயின் முனையில், வெளிக்காற்றைவிடக் கூடுதலாக அழுத்தம் மிச்சமிருந்தால் அதன் பங்கையும் சேருங்கள். அவ்வளவுதான் உந்துவிசை. இதில் அந்தக் கழித்தல்தான் ஆளைக் கவிழ்க்கும். 11 கிலோமீட்டர் உயரத்தில் மாக் 1.6 என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 472 மீட்டர். வெளியேறும் வேகம் வினாடிக்கு 800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தரையில் நிற்கும்போது ஒவ்வொரு கிலோ காற்றுக்கும் 800 நியூட்டன் கிடைத்தது மேலே 328 நியூட்டனாகச் சுருங்கிவிடும். வெளியேறும் வேகம் 1,200 மீட்டராக இருந்தால் 1,200 என்பது 728 ஆகும். முதலாவதில் பாதிக்கு மேல் போய்விட்டது, இரண்டாவதில் பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. பயணிகள் விமானம் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளிப் பிழைத்துக்கொள்கிறது. போர் விமானத்துக்கு அந்த வழி சரிப்படாது என்பதற்கு இதுதான் காரணம். தரையில் நிறுத்தி அளந்த எண்ணை மட்டும் வைத்து ஒரு மேம்பாட்டை நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, அப்படியானால் கையில் இருக்கும் வழிகள் இரண்டு. காற்றைக் கூட்டலாம், அல்லது ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் கிடைக்கும் உந்துவிசையைக் கூட்டலாம். இந்த இரண்டாவது அளவைத் தன் உந்துவிசை என்று சொல்வார்கள். ஒரு எஞ்சின் குடும்பம் எப்படி வளர்ந்தது என்று பார்க்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

அமெரிக்காவின் எஃப்404 எஞ்சின் குடும்பம் இதற்கு மிக நல்ல பாடம். எஃப்404-ஜிஇ-400 தந்தது சுமார் 71 கிலோ நியூட்டன். அதற்குப் பின் வந்த 402 வகை தந்தது சுமார் 79. உள்ளே போகும் காற்று பெரிதாக மாறவில்லை, வினாடிக்கு 66 கிலோ என்ற அளவிலேயே இருந்தது. ஆக அந்த 11 விழுக்காட்டில் பெரும்பங்கு சூட்டிலிருந்து வந்தது. டர்பைனுக்குள் (எரிந்த வாயு சுழற்றும் சக்கரம், முன்னாலுள்ள விசிறியையும் காற்றை அழுத்தும் கம்ப்ரசரையும் இயக்குவது) போகும் வாயு முன்னைவிடச் சூடானது, அதைத் தாங்கும் பொருள்கள் பிளேடுகளுக்கு வந்தன. அடுத்து எஃப்414. அதே நீளம், சுமார் 98 கிலோ நியூட்டன். இது 24 விழுக்காடு கூடுதல். காற்று 66-இலிருந்து 77 கிலோவாக, அதாவது கிட்டத்தட்ட 17 விழுக்காடு ஏறியது. 1.24-ஐ 1.17-ஆல் வகுத்துப் பாருங்கள், தன் உந்துவிசையில் கூடியது 6 விழுக்காடுதான். முதல் படி சூட்டில் ஏறியது, இரண்டாவது படி பெரும்பாலும் காற்றில் ஏறியது. இப்படிப் பிரித்துப் பார்க்காமல் “எஃப்414-இல் என்னவோ மாயம் செய்துவிட்டார்கள்” என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வகுத்தல் தெரிந்தால் போதும், என்ன செய்தார்கள் என்று பாதி புரிந்துவிடும்.

காற்று: விசிறியில் கை வைப்பது

காற்றைக் கூட்ட எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, எஞ்சினின் முகப்பில் காற்றை உள்ளிழுக்கும் விசிறியின் விட்டத்தைக் கூட்டுவது. நல்ல வழிதான், ஏனென்றால் பரப்பு விட்டத்தின் இருமடியில் ஏறும். ரஷ்யாவின் ஏஎல்-31எஃப் எஞ்சினின் விசிறி 905 மில்லிமீட்டர். அதிலிருந்து வளர்ந்த 117எஸ் எஞ்சினில் 932 மில்லிமீட்டர். வெறும் 27 மில்லிமீட்டர், இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் முகப்புப் பரப்பு 6 விழுக்காடு கூடுகிறது. மொத்த உந்துவிசை 12,500 கிலோ விசையிலிருந்து 14,500 ஆனது, அதாவது 16 விழுக்காடு. மிச்சம் 9 விழுக்காடு சொச்சத்தைச் சூடும், விசிறி தரும் அழுத்தமும், உறுப்புகளின் திறனும் சேர்ந்து கொண்டுவந்திருக்க வேண்டும்.

விட்டத்தைக் கூட்ட இடம் இல்லையா? நடுவிலிருக்கும் குடத்தைப் பாருங்கள். பிளேடுகள் முளைக்கிற அந்தக் குடத்தின் விட்டம் வெளி விட்டத்தில் 0.40 பங்கு இருந்தால், காற்று போக மிச்சமிருப்பது முழு வட்டத்தில் 84 விழுக்காடு. அதை 0.35 ஆக்கினால் 87.75 விழுக்காடு. வெளியில் ஒரு மில்லிமீட்டர்கூட மாற்றாமல் காற்றுப் பாதை 4.5 விழுக்காடு அகலமாகிவிட்டது. சும்மா கிடைப்பதில்லை. குடம் சிறுத்தால் பிளேடுகளின் அடிப்பகுதியைப் பொருத்த இடம் நெருக்கடியாகும். இங்கேதான் பிளிஸ்க் கைகொடுக்கிறது. பிளேடும் வட்டும் ஒரே துண்டாகக் கடையப்பட்டது, அல்லது உராய்வுப் பற்றவைப்பில் ஒன்றாக்கப்பட்டது. பிளேடை வட்டில் செருகுகிற காடி கிடையாது, அதன் எடை கிடையாது, அந்த இடுக்குகளில் காற்றுக் கசிவும் கிடையாது. எஃப்414-இல் விசிறியின் பின் இரண்டு அடுக்குகளும் கம்ப்ரசரின் முன் மூன்று அடுக்குகளும் இப்படிப்பட்டவை. பறவையோ கல்லோ அடித்தால் ஒரு பிளேடை மட்டும் கழற்றி மாற்ற முடியாது என்பது இதன் குறை. வெட்டுப்பட்ட விளிம்பை அங்கேயே தேய்த்துச் சீராக்க வேண்டும், அது முடியாவிட்டால் முழு வட்டையும் எடுத்துவிட வேண்டும். பராமரிப்பவர்களிடம் கேட்காமல் முதல் அடுக்கை பிளிஸ்க் ஆக்காதீர்கள், அடி வாங்குவது அதுதான்.

விசிறியை வேகமாகச் சுற்றலாம் என்று அடுத்த யோசனை வரும். பிளேடின் நுனியைச் சந்திக்கும் காற்று ஏற்கெனவே ஒலி வேகத்தைத் தாண்டித்தான் இருக்கும். இன்னும் வேகம் கூட்டினால் நுனியில் அதிர்வலை வலுத்து, போட்ட வேலையில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். பிளேடை அகலமாக்கி, விளிம்பை வளைத்துச் சாய்த்து, அந்த அதிர்வலையை மட்டுப்படுத்துவதுதான் இன்று எல்லோரும் போகிற பாதை. அத்தோடு பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் கவனியுங்கள். பிளேடின் உயரத்தில் ஒரு விழுக்காடு அளவு இடைவெளி கூடினால், அந்த அடுக்கின் திறனில் கிட்டத்தட்ட அதே அளவோ அதற்கு மேலோ போய்விடும். புது வடிவம் வரைந்து கூட்டியதையெல்லாம் தேய்ந்துபோன உறைப்பூச்சு தின்றுவிடும்.

விசிறி 16 விழுக்காடு கூடுதல் காற்றை அதே அழுத்தத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால், அதைச் சுற்றுகிற தாழ் அழுத்த டர்பைன் 16 விழுக்காடு கூடுதல் திறன் தர வேண்டும். அதற்கு எஞ்சினின் மையப்பகுதி (கம்ப்ரசர், எரியறை, டர்பைன் சேர்ந்தது) பெரிதாக வேண்டும், இல்லையென்றால் இன்னும் சூடாக வேண்டும். விசிறியை மட்டும் மாற்றி வேலையை முடித்தவர் யாரும் இல்லை.

விட்டத்தைத் தொடாமல் இன்னொரு வழியும் உண்டு, பைபாஸ் விகிதத்தைக் குறைப்பது. எஃப்100-பிடபிள்யூ-220 எஞ்சினில் மையத்துக்குப் போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.6 கிலோ காற்று அதைச் சுற்றிக்கொண்டு போனது. 229 வகையில் அதை 0.36 ஆக்கினார்கள், விசிறி தரும் அழுத்தத்தையும் கூட்டினார்கள். அதே விமானங்களில் பொருந்துகிற அதே உருவத்துக்குள், 106 கிலோ நியூட்டன் சுமார் 130 ஆனது. வேகமாகப் பறக்கும்போதும் உந்துவிசை சரியாமல் நிற்பது இப்படிப்பட்ட எஞ்சினில்தான். மெதுவாக நெடுந்தூரம் போகும்போது எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நீங்கள் தாளில் எழுதி வைத்தது மாக் 1.6 என்றால் எனக்கு இந்த வழிதான் முதல் தேர்வு.

காற்றைப் பற்றிப் பேசிவிட்டு இன்டேக்கை, அதாவது விமானத்தில் காற்று நுழையும் வாயை, மறந்தால் எல்லாம் வீண். எஃப்-16-க்கு எஃப்110 எஞ்சின் வந்தபோது அதற்கு முந்தையதைவிடக் கூடுதல் காற்று தேவைப்பட்டது. முதலில் வந்த சில விமானங்களில் பழைய சிறிய இன்டேக்கே இருந்ததால் எஞ்சினால் தன் முழு உந்துவிசையைத் தர முடியவில்லை. பிறகு வாய் அகன்ற இன்டேக்கைப் பொருத்தினார்கள், பெரிய வாய் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பிரிட்டன் தன் ஃபாண்டம் விமானங்களுக்கு ஸ்பே எஞ்சினைப் போட்ட கதை இன்னும் யோசிக்க வைப்பது. உந்துவிசை கூடியது, ஓடுபாதையில் சீக்கிரம் எழும்பியது, தாழ்வில் வேகம் பிடிப்பதும் நன்றாக இருந்தது. ஆனால் இன்டேக்கை ஏறத்தாழ 20 விழுக்காடு அகலமாக்கி உடலையும் விரிக்க வேண்டியிருந்ததில் காற்றுத் தடை கூடி, உயரத்தில் உச்ச வேகம் மூல விமானத்தைவிடக் குறைந்துபோனது. எஞ்சினில் கிடைத்ததை விமானத்தின் உடல் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. ஆகவே புதிய காற்று அளவு முடிவானவுடனே இன்டேக் வரைபவரிடம் போய் உட்காருங்கள், அதை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

சூடு: எல்லோரும் ஆசைப்படும் இடம்

டர்பைனுக்குள் போகும் வாயுவின் வெப்பநிலையைக் கூட்டினால் அதே அளவு காற்றிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். எம்88-2 எஞ்சினில் அது 1,850 கெல்வின், அதாவது 1,577 டிகிரி செல்சியஸ். பிளேடு செய்யப்படும் நிக்கல் கலவை உருகுவதே 1,300 சொச்சம் டிகிரியில். உருகுநிலையைத் தாண்டிய வாயுவுக்குள் ஒரு உலோகத் துண்டு நின்று வேலை செய்கிறது என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

அந்தத் துண்டைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். 100 கிராம் எடையுள்ள ஒரு பிளேடு, அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 14,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெளியே பிடித்து இழுக்கும் விசை 6.5 டன் எடைக்குச் சமம். உள்ளே நெளிநெளியாகக் குளிர்காற்றுப் பாதைகள். பரப்பில் வரிசை வரிசையாக நுண்துளைகள், அவற்றிலிருந்து கசியும் காற்று பிளேடின் மேல் ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்து சூட்டைத் தள்ளி நிறுத்துகிறது. அதன் மேல் சிர்கோனியா பீங்கான் பூச்சு. உலோகமோ ஒற்றைப் படிகம், மணி எல்லைகளே (படிக மணிகள் ஒன்றோடொன்று சேரும் இடங்கள்) இல்லாதது, ஏனென்றால் சூட்டில் இழுபட்டு நீளும் உலோகம் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த எல்லைகளில்தான். இந்தப் பொருள்களில் ஒன்று முன்னேறினால் வாயுவை இன்னும் சில பத்து டிகிரி சூடாக்கத் துணியலாம்.

இங்கே மூன்று விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்.

முதலாவது, குளிர்காற்று. அது கம்ப்ரசரிலிருந்து எடுக்கப்படுவது, அதை அழுத்துவதற்கு ஏற்கெனவே வேலை செலவாகிவிட்டது. போர் விமான எஞ்சினில் மையக் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இப்படிப் போகும். நான் முதன்முதலில் சுழற்சிக் கணக்கு (காற்று உள்ளே வந்து வெளியேறும்வரை அழுத்தமும் வெப்பநிலையும் எப்படி மாறும் என்ற கணக்கு) போட்டபோது வெப்பநிலையை 100 கெல்வின் கூட்டிவிட்டுக் குளிர்காற்றை அப்படியே விட்டிருந்தேன். வந்த எண் அழகாக இருந்தது. பிளேடின் உலோக வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் கூடியதில் பெரும் பங்கு காணாமல் போனது. ஆகவே வெப்பநிலையைத் தனியாகக் கூட்டிப் பார்க்கவே கூடாது. உலோக வெப்பநிலையைக் கட்டிவைத்துவிட்டு, குளிர்காற்றைத் தானாக மாற விட்டு, அப்புறம் பாருங்கள். குளிர்விக்கும் முறையே மேம்பட்டு அதே காற்றில் கூடுதல் சூட்டைத் தாங்கினால்தான் உண்மையான லாபம்.

இரண்டாவது, டர்பைனின் கழுத்து. டர்பைனுக்கு முன்னால் நிற்கும் வழிகாட்டி இதழ்களின் நடுவே காற்று ஒலி வேகத்தில் நெரிபட்டுப் போகிறது. வாயு சூடானால் அதே நிறை அந்த இடுக்கு வழியே போகக் கூடுதல் அழுத்தம் வேண்டும். 1,850-இலிருந்து 1,900 கெல்வினுக்குப் போனால் அது ஏறத்தாழ 1.3 விழுக்காடு. சின்ன எண்தான், ஆனால் அந்த அழுத்தம் பின்னாலிருந்து கம்ப்ரசரைத் தள்ளி, சர்ஜ் கோட்டுக்குப் (அதைத் தாண்டினால் காற்றோட்டம் உடைந்து பின்னோக்கி அடிக்கும்) பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். காற்று அப்படியே இருக்க சூடு மட்டும் கூடினால் இதழ்களின் கோணத்தை அல்லது வடிவத்தை மாற்றி அந்தக் கழுத்தை அதே 1.3 விழுக்காடு அகலப்படுத்துங்கள். பலர் தவறவிடுகிற படி இது.

மூன்றாவது, ஆயுள். பிளேடின் உலோகம் 10 முதல் 15 டிகிரி கூடுதலாகச் சூடானாலே அது இழுபட்டு நீளும் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கையில் வைத்திருக்கும் கணக்கு. இதைத் திருப்பியும் பயன்படுத்தலாம். புதிய பொருள் தருகிற சலுகையை உந்துவிசையாகவும் எடுக்கலாம், ஆயுளாகவும் எடுக்கலாம். முன்னால் சொன்ன எஃப்100-பிடபிள்யூ-220-இல் உந்துவிசை அதற்கு முந்தையதைவிடக் கூடவே இல்லை, கூடியது நம்பகமும் ஆயுளும். அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஓடுபாதையில் பழுதாகி நிற்கும் எஞ்சினின் உந்துவிசை சுழியம்தானே.

மொத்த அழுத்த விகிதத்தையும் கூட்டலாமே என்றால், கூட்டலாம், ஆனால் போர் விமானத்தில் சீக்கிரமே சுவரில் முட்டும். 30 மடங்கு அழுத்தினால் தரையில் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று 840 கெல்வின் பக்கம் இருக்கும். 11 கிலோமீட்டர் உயரத்தில் மாக் 2-இல் உள்ளே வரும் காற்றே 390 கெல்வின். அந்த நிலையில் அழுத்த விகிதம் கொஞ்சம் தானாக இறங்கும் என்றாலும், கம்ப்ரசரின் கடைசி அடுக்குகளின் உலோகம் அதன் எல்லையைத் தொட்டுவிடும். பயணிகள் விமான எஞ்சின்கள் 40, 50 என்று போகும்போது எஃப்404-உம் ஈஜே200-உம் 26 பக்கமும் எஃப்414 30 பக்கமும் நிற்பது இதனால்தான்.

ஆஃப்டர்பர்னர்

கடைசியில் தொடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈஜே200-ஐப் பாருங்கள். ஆஃப்டர்பர்னர் இல்லாமல் 60 கிலோ நியூட்டன், போட்டால் 90. எம்88-2-இல் 50, 75. இரண்டிலும் ஒன்றரை மடங்கு. வெளியேறும் வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தில்தான் ஏறும் என்பதால், ஒன்றரை மடங்கு உந்துவிசைக்கு வாயுவின் வெப்பநிலை 2.25 மடங்காக வேண்டும், 900 கெல்வினாக இருந்தது 2,000-ஐத் தாண்ட வேண்டும். ஈஜே200 ஒரு கிலோ நியூட்டனுக்கு வினாடிக்குச் சுமார் 22 கிராம் எரிபொருள் குடிப்பது, ஆஃப்டர்பர்னரில் 48 கிராம் பக்கம் போகும். பெருக்கிப் பாருங்கள், வினாடிக்கு 1.3 கிலோவாக இருந்தது 4.3 கிலோவாகிறது. பாதி மடங்கு கூடுதல் விசைக்கு மூன்று மடங்குக்கு மேல் எரிபொருள்.

அங்கே எரிக்க மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் அளவுள்ளது. இன்றைய நல்ல ஆஃப்டர்பர்னர்கள் அந்த எல்லைக்கு அருகில் வந்துவிட்டன. ஆகவே மேம்பாடு என்றால் பெரும்பாலும் இழப்பைக் குறைப்பதுதான். ஆஃப்டர்பர்னர் அணைந்திருக்கும்போதும் சுடரைப் பிடித்து வைக்கும் வளையங்கள் காற்றோட்டத்தின் குறுக்கே நிற்கின்றன, விமானம் பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி அவை வெறும் தடைதான். எரிபொருள் தெளிக்கும் குழாய்களையும் சுடர்ப்பிடிப்பானையும் டர்பைனின் பின்புற இதழ்களுக்குள்ளேயே ஒளித்துவைத்தால் சாதாரண உந்துவிசையிலேயே கொஞ்சம் மீளும். அதைத்தான் நான் முதலில் செய்வேன்.

நாசிலை மறக்காதீர்கள். வெப்பநிலை 2.25 மடங்கானால் நாசிலின் கழுத்து ஒன்றரை மடங்கு விரிய வேண்டும். விரிய ஒரு நொடி தாமதித்தால் பின்னழுத்தம் பைபாஸ் வழியே நேராக விசிறியைப் போய்த் தாக்கி ஸ்டால் ஆகிவிடும், அதாவது பிளேடுகளை ஒட்டிய காற்றோட்டம் உடைந்துவிடும். வெப்பநிலையைக் கூட்டும் திட்டம் இருந்தால் நாசிலின் உச்ச விரிவு, அதைத் தள்ளும் இயக்கிகளின் வேகம் இரண்டும் போதுமா என்று முதலிலேயே பாருங்கள். ஆஃப்டர்பர்னருக்குள் ஊளையிடும் அழுத்த அலை கிளம்பினால் சில நொடிகளில் உலோகத் தகட்டைக் கிழித்துவிடும். உட்சுவரில் துளையிட்ட தகடு போடுவது அதை அடக்கத்தான். எரிபொருள் தெளிப்பை மாற்றினால் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும்.

தண்ணீர் பீய்ச்சுவதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். ஹாரியரின் பெகாசஸ் எஞ்சினில் அது இருந்தது, செங்குத்தாக எழும்பவும் இறங்கவும் கொஞ்ச நேரத்துக்கு உதவியது. தண்ணீரைச் சுமக்க வேண்டுமே, புது வடிவமைப்பில் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

கட்டுப்பாட்டில் ஒளிந்திருக்கும் உந்துவிசை

ஒரு பிளேடைக்கூட மாற்றாமல் கிடைக்கும் உந்துவிசை இது, பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கம்ப்ரசர் சர்ஜ் ஆகாமல் இருக்க அந்தக் கோட்டிலிருந்து ஒரு தூரம் தள்ளியே எப்போதும் ஓட்டுவார்கள். இன்டேக்கில் காற்று கோணலாக வருவதற்குக் கொஞ்சம், திடீரென்று த்ராட்டிலை (உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) தள்ளுவதற்குக் கொஞ்சம், தேய்மானத்துக்குக் கொஞ்சம், ஒரு எஞ்சினுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் கொஞ்சம் என்று ஒதுக்கி, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும் என்று வைத்துக் கூட்டிய தூரம் அது. விமானம் நேராகப் பறந்துகொண்டிருக்கும்போது அவ்வளவும் தேவையில்லை. 1980-களில் நாசா தன் எஃப்-15 சோதனை விமானத்தில் எஞ்சின் கட்டுப்பாட்டையும் விமானத்தின் கட்டுப்பாட்டையும் பேசவைத்து, தேவைப்படாத நேரத்தில் அந்த ஒதுக்கீட்டை உந்துவிசையாக மாற்றிக் காட்டியது. 10 விழுக்காடு அளவுக்குக்கூடக் கூடியது.

நீங்கள் செய்ய வேண்டியது, சர்ஜ் ஒதுக்கீட்டைத் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதி, எந்த வரியை எந்தப் பறப்பு நிலையில் தளர்த்தலாம் என்று பார்ப்பது. விமானி திடீரென்று மூக்கைத் தூக்கினால் கட்டுப்பாடு எத்தனை மில்லி நொடியில் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதுதான் இதில் உயிர்நாடி. அதை அளக்காமல் ஒரு புள்ளியைக்கூடத் தளர்த்தாதீர்கள்.

இதே யோசனையை உலோகத்திலேயே செய்ததுதான் சுழற்சி மாறும் எஞ்சின். 1990-இல் ஒய்எஃப்120 பறந்து காட்டியது. பிறகு வந்த எக்ஸ்ஏ100, எக்ஸ்ஏ101 இரண்டிலும் மூன்றாவது காற்றுப் பாதை ஒன்று உண்டு, தேவைக்கேற்ப பைபாஸ் விகிதம் மாறும். அவற்றுக்கு வைத்த இலக்கு 10 விழுக்காடு கூடுதல் உந்துவிசை, 25 விழுக்காடு எரிபொருள் சிக்கனம். ஏற்கெனவே இருக்கும் எஞ்சினில் இதை ஒட்டுப்போட முடியாது, புதிதாகவே தொடங்க வேண்டும்.

விமானத்தில் பொருத்துவதும் ஓட்டிப் பார்ப்பதும்

எஃப்-14-இல் டிஎஃப்30 எஞ்சினை எடுத்துவிட்டு எஃப்110-ஐ வைத்தபோது உந்துவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியது. கப்பலிலிருந்து ஆஃப்டர்பர்னர் போடாமலே கிளம்ப முடிந்தது. ஆனால் புதிய எஞ்சின் நீளம் குறைந்தது. நாசில் விமானத்தின் பின்விளிம்பில் சரியாக நிற்க வேண்டுமென்று ஏறத்தாழ 50 அங்குல நீட்டுக்குழாய் ஒன்றை நடுவில் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட வேலைகள் எப்போதும் வரும். புதிய எஞ்சின் 50 கிலோ கூடினால் எடை மையம் எங்கே போகிறது, தாங்கு முனைகள் அந்த விசையை ஏற்குமா, மின்னாக்கிக்கும் குளிர்விப்புக்கும் விமானம் எஞ்சினிலிருந்து எவ்வளவு காற்றும் திறனும் உருவுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியில் சறுக்குபவர்கள் அதிகம். மின்னணுக் கருவிகள் கூடக் கூட அவற்றைக் குளிர்விக்க உருவும் காற்றும் கூடுகிறது. அது அத்தனையும் நீங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த உந்துவிசையிலிருந்துதான் போகும், டர்பைனையும் கூடுதலாகச் சூடாக்கும்.

சோதனையில் குறுக்கு வழி கிடையாது. விசிறியையும் கம்ப்ரசரையும் தனித்தனியே சோதனை மேடையில் ஓட்டி, வேண்டுமென்றே சர்ஜ் வரை கொண்டுபோய் அந்தக் கோட்டை அளந்து குறியுங்கள். அப்புறம் மையப்பகுதி மட்டும், அப்புறம் முழு எஞ்சின் தரையில், அப்புறம் உயரத்தின் அழுத்தமும் குளிரும் உள்ள கூடத்தில். த்ராட்டிலை மேலும் கீழுமாக ஆயிரக்கணக்கான முறை தள்ளி, பல வருடப் பறப்பைச் சில மாதங்களில் கழிக்கிற சோதனையையும் விட்டுவிடாதீர்கள். நிலையாக ஓடும்போது ஒன்றும் ஆகாத பிளேடு, சூடாவதும் ஆறுவதுமாக இருக்கும்போதுதான் விரிசல் விடும். நடுநடுவே போரஸ்கோப்பை (எஞ்சினுக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கருவி) விட்டு டர்பைனின் முதல் வரிசையைப் பாருங்கள். குளிர்காற்றுத் துளைகள் தூசியால் அடைபட்ட இடத்தில் பூச்சின் நிறம் மாறியிருக்கும், அந்தப் பிளேடுதான் அடுத்துப் போகப்போவது.

எல்லாம் முடிந்து விமானத்தில் பறக்கவிட்ட பிறகு, தொடக்கத்தில் எழுதி வைத்த தாளை எடுத்து, அதே உயரம், அதே மாக் எண், அதே வெப்பநிலையில் அளந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். மேடையில் 8 விழுக்காடு கிடைத்து, பறப்பில் 3 மட்டும் வந்தால் எஞ்சினைக் கழற்ற ஓடாதீர்கள். முதலில் இன்டேக்கின் அழுத்த இழப்பை அளந்து பாருங்கள். அடுத்து விமானம் உருவும் காற்றை அளங்கள். மூன்றாவதாக நாசில் கழுத்து அந்த நிலையில் உண்மையிலேயே எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பாருங்கள். காணாமல் போன அந்த 5 விழுக்காடு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் அகப்படும்.